சேது எஃப்.சி. யாரை வாங்க வேண்டும்?

தமிழகக் கால்பந்துக்கு 2019 போல ஓர் ஆண்டு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் வாய்க்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வீழ்த்தி சென்னை சிட்டி எஃப்.சி. ஆண்களுக்கான ஐ-லீக் கோப்பையை வென்றது. மே 22 அன்று லூதியானா குருநானக் அரங்கில் மணிப்பூர் போலீஸ் அணியை அதே 3-1 கணக்கில் வீழ்த்தி, மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. இரண்டரை மாத இடைவெளியில் இரண்டு தேசியக் கோப்பைகள் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன.

சென்னை சிட்டியின் கதை சீக்கிரமே முடிந்தது. அந்த சீசனில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி ஜப்பானுக்குப் போனார். அவரோடு ஸ்பெயினிலிருந்து வந்து அணியைத் தூக்கி நிறுத்திய மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சில ஆண்டுகளில் அந்த கிளப் ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. சேது அப்படி மறைந்துவிடவில்லை. 2023-24, 2024-25 ஆகிய இரு சீசன்களிலும் மகளிர் லீக்கின் முதல் நிலையில் ஆடிய ஒரே தமிழக அணி அதுதான். ஆனால் லூதியானாவுக்குப் பிறகு கோப்பை மதுரைக்குத் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை, திரும்ப வேண்டுமானால் அணியில் யாரைச் சேர்க்க வேண்டும் என்பது இப்போது பேச வேண்டிய விஷயம்.

மதுரையிலேயே பலருக்கு இந்த அணியைத் தெரியாது என்பதால் சிறு அறிமுகம் தேவைப்படுகிறது. காரியாபட்டியை ஒட்டிய சேது பொறியியல் கல்லூரியின் நிர்வாகக் குடும்பத்தைச் சேர்ந்த சீனி முகைதீன் 2016-இல் தொடங்கிய கிளப் இது. ஜல்லிக்கட்டும் கபடியும் கிரிக்கெட்டும் பேசப்படும் ஊரில், அதுவும் பெண்களுக்காக, கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கி நடத்துவது லாபக் கணக்குப் பார்க்கும் யாரும் செய்யும் வேலையல்ல. பெரிய வணிகக் குழுமங்களின் பணமோ, சினிமா நட்சத்திரங்களின் முகமோ இல்லாமல் மூன்றே ஆண்டுகளில் நாட்டின் சாம்பியன் ஆனது இந்த அணி. குறை சொல்வதற்கு முன்னால் அந்தச் சாதனையை மதித்துவிட வேண்டும்.

18 நாள் லீக்கும் வாடகைக் கால்களும்

சேதுவின் வீராங்கனைத் தேர்வை எடைபோட, அன்றைய லீக் எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 2019-இல் ‘லீக்’ என்ற பெயர்தான் இருந்தது. உண்மையில் நடந்தது ஓர் ஊரில் கூடி ஆடும் டோர்னமென்ட். லூதியானாவில் மே 5-ஆம் தேதி தொடங்கி மே 22-ஆம் தேதி முடிந்தது. பன்னிரண்டு அணிகள், இரண்டு பிரிவுகள், அரையிறுதி, இறுதி. பதினெட்டே நாளில் எல்லாம் முடிந்துவிடும் போட்டிக்கு ஓர் அணி எப்படி ஆள் எடுக்கும்? ஒரு மாதத்துக்குள் ஒன்றிணைந்து ஆடக்கூடிய, ஏற்கெனவே பெயரெடுத்த ஆட்களைத்தான் தேடும்.

சேது அந்த வேலையை மற்ற எல்லாரையும்விடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது. 2018-இல் வங்கதேசத்தின் முன்னணி வீராங்கனைகளான சபீனா காதூனையும் கிருஷ்ணா ராணி சர்க்காரையும் அழைத்து வந்தது. இந்திய கிளப்புகள் அண்டை நாட்டுப் பெண்கள் கால்பந்தைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. அடுத்த ஆண்டு நேபாளத்தின் சபித்ரா பண்டாரி வந்தார். பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்திலிருந்து, பதினெட்டு வயதுகூட நிரம்பாத மனிஷா கல்யாண் வந்தார். கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அணியில் இருந்தார்கள். பேர் போன பிறகு விலை கொடுத்து வாங்கப்பட்ட கூட்டமல்ல இது. இந்திய கிளப்புகளிடம் பேர் கிடைப்பதற்கு முன்பே கண்டெடுக்கப்பட்ட கூட்டம். ஆளைக் கண்டுபிடிக்கும் கண் இந்த கிளப்புக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு இவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால்தான் பிரச்சினை தெரியவரும். மனிஷா கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா அணிக்குப் போனார். அங்கிருந்து 2022-இல் சைப்ரஸின் அப்போலோன் அணிக்குச் சென்று, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்திய வீராங்கனை ஆனார். சபித்ராவும் கோகுலத்துக்கு ஆடினார். பின்னர் பிரான்ஸின் கிங்கோம் வரை போனார். இந்துமதியும் சந்தியாவும்கூட கோகுலத்தின் சட்டையை அணிந்தார்கள். சந்தியா பிறகு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்றார். மதுரையில் விட்ட நாற்று கோழிக்கோட்டிலும் கொல்கத்தாவிலும் கதிர் பிடித்தது.

புவனேஸ்வரத்தில் ஒரு மாலை

இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை ஒரே ஆட்டம் சொல்லிவிடும். 2021-22 சீசன் ஒடிசாவில் நடந்தது. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஒரு முறை மோதும் முறை. கடைசிச் சுற்றுக்கு வரும்போது கோகுலமும் சேதுவும் சமமான புள்ளிகளில் நின்றன. கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னால் இருந்ததால் அதற்கு டிரா போதும், சேதுவுக்கு வெற்றி வேண்டும். 2022 மே 26 அன்று இரு அணிகளும் நேருக்கு நேர் மோதின.

மூன்றாவது நிமிடத்திலேயே ரேணு சேதுவுக்காகக் கோல் அடித்துவிட்டார். கோப்பை மதுரைப் பக்கம் வந்து நின்றது. அடுத்த நாற்பது நிமிடத்துக்குள் எல்லாம் கைநழுவியது. கோகுலத்தின் அசலதா தேவி பெனால்டியில் சமன் செய்தார். கானாவிலிருந்து வந்த எல்ஷதாய் அச்சியாம்போங் இரண்டாவது கோலை அடித்தார். இடைவேளைக்கு முன்பே மூன்றாவது கோலும் விழுந்தது. அதை அடித்தவர் மனிஷா கல்யாண். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சேதுவின் சட்டையில் கோப்பையைத் தூக்கியவர், இப்போது சேதுவின் கையிலிருந்து அதைப் பறித்தார். ஆட்டம் 3-1 என்று முடிந்தது.

மனிஷா மீது குறை ஏதுமில்லை. நல்ல சம்பளமும் நல்ல வசதியும் ஆசியப் போட்டியில் ஆடும் வாய்ப்பும் எங்கே கிடைக்கிறதோ அங்கே போவது ஆட்டக்காரரின் உரிமை. 2019-இல் சேது சாம்பியன் ஆனபோது இந்திய சாம்பியனுக்கு ஆசிய கிளப் போட்டியில் இடமில்லை. 2021-இல் ஜோர்டானின் அகாபாவில் நடந்த ஆசியப் போட்டிக்குக் கோகுலம் போனது. திறமையான ஒரு பெண் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் போனபோது சேதுவுக்குக் கைம்மாறாக என்ன கிடைத்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

போனது ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல. அந்த 2022 சீசனில் சேதுவின் பயிற்சியாளராக இருந்தவர் கிறிஸ்பின் செத்ரி. அவர் ஒடிசா எஃப்.சி.க்குச் சென்றார். 2023-24 லீக் கோப்பையை ஒடிசாவுக்கு வென்று கொடுத்தார். பிறகு இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வீழ்த்தி, ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் தகுதி பெற்றது அவருடைய பயிற்சியில்தான். நாட்டின் தலைசிறந்த பயிற்சியாளர்களில் ஒருவர் மதுரை அணியில் இருந்தார். அவரையும் மதுரையால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

போகிறவர் வழியில் பணம் வராதது ஏன்?

ஆண்கள் கால்பந்தில் சிறிய கிளப்புகள் பிழைத்திருப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. இளம் வயதில் ஒருவரை எடுத்து வளர்த்து, பெரிய கிளப்புக்கு விலைக்கு விடுவது. ஃபிஃபா விதிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. இளம் ஆட்டக்காரர் ஒருவர் வெளிநாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால், அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி இழப்பீடு உண்டு. ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் ஐந்து சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவர் எங்கெங்கே ஆடினாரோ அந்த கிளப்புகளுக்குப் பங்கிடப்படும்.

பெண்கள் கால்பந்தில் இந்த வாய்க்கால் பாதி அடைபட்டிருக்கிறது. பயிற்சி இழப்பீடு மகளிர் கால்பந்துக்குப் பொருந்தாது என்றே ஃபிஃபா விதி சொல்லி வந்திருக்கிறது. கிளப்புகள் பணத்துக்குப் பயந்து பெண்களை ஒப்பந்தம் செய்யாமல் போய்விடக் கூடாது என்பது அதற்கான நியாயம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் விளைவு, வளர்த்துவிட்ட கிளப்புக்கு வெறுங்கை. ஐந்து சதவீதப் பங்கு பெண்களுக்கும் உண்டு. ஆனால் அது டிரான்ஸ்ஃபர் தொகை என்று ஒன்று கைமாறினால்தான் கிடைக்கும். ஒப்பந்தம் முடிந்து சும்மா போகிறவருக்குத் தொகையும் இல்லை, பங்கும் இல்லை.

இந்திய மகளிர் லீக்கில் பெரும்பாலானவர்கள் அப்படிச் சும்மா போகிறவர்கள்தான். ஒரு சீசனுக்கு ஒப்பந்தம், சீசன் முடிந்ததும் அவரவர் வழி. உலகத்தில் நிலைமை வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கத் தடுப்பு வீராங்கனை நவோமி கிர்மாவை செல்சி அணி 11 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. ஒரு பெண் ஆட்டக்காரருக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. அவ்வளவு பெரிய தொகை இந்தியாவுக்கு இப்போதைக்கு வராது. ஆனால் சைப்ரஸுக்கும் குரோஷியாவுக்கும் இந்தியப் பெண்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த மனிஷா மதுரையிலிருந்து நேரே ஐரோப்பா போகலாம். அன்று அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தால், அவருக்கும் லாபம், சேதுவுக்கும் லாபம்.

எனவே சேதுவின் முதல் தேவை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கான ஆட்டக்காரர் அல்ல. அணியின் முதுகெலும்பாக இருக்கும் ஆறேழு பேருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் உயரும் சம்பளம். காயம் பட்டாலும் நிற்காத சம்பளம். வெளிநாட்டு கிளப் கேட்டால் தடுக்காமல் விடுவிக்கும் நியாயமான விலை. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் நீண்ட ஒப்பந்தம் கொத்தடிமைச் சீட்டாகிவிடும். இருபது வயதுப் பெண்ணைக் காகிதத்தால் கட்டிப்போட்டுக் கோப்பை வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மாறிவிட்ட ஆட்டக் கணக்கு

வைத்துக்கொள்வது இவ்வளவு முக்கியமாகிவிட்டதற்கு இன்னொரு காரணம், லீக்கே மாறிவிட்டது. 2023-24 முதல் சொந்த மண்ணிலும் எதிரணி மண்ணிலும் மாறிமாறி ஆடும் முறை வந்தது. அந்த சீசனில் ஏழு அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். 2024-25-இல் எட்டு அணிகள், பதினான்கு ஆட்டங்கள். 2025 ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை நீண்டது. கொல்கத்தா, கோழிக்கோடு, பெங்களூரு, புவனேஸ்வரம் என்று ஊர் ஊராகப் பயணம். பதினெட்டு நாளைக்குப் பதினொரு பேரைச் சேர்த்த காலம் போய்விட்டது. இப்படி மாதக்கணக்கில் நீளும் சீசனுக்கு இருபத்தைந்து பேர் வேண்டும். காயமும் களைப்பும் பரீட்சையும் போலீஸ் பணியும் குறுக்கே வரும். மாற்று ஆட்டக்காரர்களின் தரமே புள்ளிப் பட்டியலைத் தீர்மானிக்கும்.

புதிய முறையில் ஆள் சேர்ப்பு எப்படி வெல்லும், எப்படித் தோற்கும் என்பதற்கு 2024-25 சீசனே இரண்டு பாடங்களைத் தந்தது. ஒன்று ஈஸ்ட் பெங்கால். முந்தைய சீசனில் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணி அது. அவர்கள் முதலில் பயிற்சியாளரை எடுத்தார்கள். கோகுலத்துக்குக் கோப்பைகள் வென்று கொடுத்த ஆண்டனி ஆண்ட்ரூஸ் வந்தார். பிறகு அவருடைய ஆட்டமுறைக்கு ஏற்ற ஆட்களை எடுத்தார்கள். பின்களத்தில் அசலதா, நடுவில் சங்கீதா பாஸ்ஃபோர், முன்னால் எல்ஷதாய், சௌமியா குகுலோத், நம்முடைய சந்தியா. முதுகெலும்பு முழுவதும் ஏற்கெனவே பெரிய ஆட்டம் ஆடிப் பழகியவர்கள். 2025 ஏப்ரலில் வங்காளத்துக்கு முதல் மகளிர் லீக் கோப்பை கிடைத்தது.

கவனிக்க வேண்டிய ஒன்று: அந்த சீசனில் அதிகக் கோல் அடித்தவர் ஈஸ்ட் பெங்கால்காரர் இல்லை. கோகுலத்தின் உகாண்டா வீராங்கனை ஃபசிலா இக்வாபுட் 24 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். ஆனாலும் கோகுலம் இரண்டாம் இடம்தான். கோல் அடிக்கும் ஒரு கால் பல ஆட்டங்களை வென்று தரும். லீக்கை வெல்ல ஒட்டுமொத்த அணியும் சமநிலையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் ஒடிசா எஃப்.சி. 2023-24-இன் சாம்பியன். அடுத்த சீசனிலேயே கீழ்நிலைக்குத் தள்ளப்பட்டது. ஓராண்டுக்குள் உச்சியிலிருந்து பள்ளத்துக்கு விழ முடியும் என்றால், இந்த லீக்கில் எந்த அணியும் பழைய பெருமையில் படுத்துத் தூங்க முடியாது. சேதுவும்தான்.

களத்தில் எங்கே ஓட்டை?

இனி இடவாரியாகப் பார்ப்போம். சேதுவின் தாக்குதல் எப்போதும் குறை சொல்ல முடியாதது. ரேணுவின் மூன்றாவது நிமிடக் கோலே சாட்சி. முன்களத்துக்கு ஆள் பிடிப்பதில் இந்த கிளப்புக்குத் தனித் திறமை உண்டு. 2024-25-இல் சேதுவுக்கு ஆடிய கேரளத்தின் மாளவிகா, 2025 ஜூனில் இந்திய அணிக்கு அழைக்கப்பட்டார். காசர்கோடு மாவட்டம் நீலேஸ்வரம் பக்கத்துப் பெண். பெரிய கிளப்புகள் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெயரல்ல. இத்தகைய தேர்வைத்தான் சமீபத்திய வரவுகளில் முதலாவதாகப் பாராட்ட வேண்டும்.

ஆனால் பக்கவாட்டில் ஓடி வருகிறவர்களுக்கும் பெட்டிக்குள் நின்று முடிக்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. சபித்ராவுக்குப் பிறகு எதிரணிப் பின்களம் பெயரைக் கேட்டாலே ஒடுங்கும்படியான ஒன்பதாம் எண் சேதுவுக்கு நிலையாக அமையவில்லை. வெளிநாட்டவருக்கான இடங்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று கண்டிப்பாக இதற்குப் போக வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்துதான் வர வேண்டும் என்ற அவசியமில்லை. கோகுலமும் ஈஸ்ட் பெங்காலும் உகாண்டாவையும் கானாவையும் முன்பே சல்லடை போட்டுவிட்டன. அங்கே விலையும் ஏறிவிட்டது. நேபாளத்திலும் வங்கதேசத்திலும் சேது முன்பே தேடியிருக்கிறது. அந்தப் பழைய தொடர்புகளைத் தூசு தட்டினால் போட்டி குறைவான சந்தையில் நல்ல சரக்கு கிடைக்கும்.

இரண்டாவது, முன்னிலையைக் காப்பாற்றும் நடுக்களம். 2022-இன் கடைசி ஆட்டம் இந்தக் குறையை வெளிச்சம் போட்டுக் காட்டியது. கோல் அடித்தபின் பந்தைப் பிடித்து வைத்து, ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, எதிரணியின் ஆவேசம் அடங்கும்வரை காத்திருக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பத்திரிகைத் தலைப்பில் இடம்பெறாத வேலை. ஆனால் பதினான்கு ஆட்டம் கொண்ட லீக்கில் நான்கைந்து டிராக்களை வெற்றியாக்குவது இவர்தான். முப்பதை நெருங்கும் அனுபவசாலி ஒருவரை இரண்டு ஆண்டுக்கு எடுத்தால், அவரைப் பார்த்து இரண்டு இளம் பெண்கள் கற்றுக்கொள்வார்கள். அந்த முதலீட்டின் வட்டி அவர் ஓய்வு பெற்ற பின்னும் வந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, கோல்கீப்பரும் நடுப் பின்கள ஜோடியும். இங்கே புதிய பெயரைவிடப் பழைய பழக்கம் முக்கியம். யார் பந்துக்குப் போவது, யார் பின்னால் நிற்பது என்று குரல் கொடுக்காமலே தெரிய இரண்டு சீசனாவது சேர்ந்து ஆட வேண்டும். ஆண்டுதோறும் இந்த மூவரை மாற்றும் அணி ஆண்டுதோறும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. மூன்று ஆண்டு ஒப்பந்தம் யாருக்கு முதலில் என்று கேட்டால், இந்த மூன்று பேருக்கு என்பேன்.

நான்காவது, பயிற்சியாளர். செத்ரி போன கதையைப் பார்த்தோம். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளரிலிருந்து தொடங்கியதையும் பார்த்தோம். ஆட்டக்காரர்களின் பட்டியலைத் தயாரிக்கும் முன் அவர்களை ஆட்டுவிக்கப்போகிறவர் யார் என்று முடிவாக வேண்டும். அவருக்குக் குறைந்தது இரண்டு சீசன் உத்தரவாதம் தர வேண்டும்.

வானம் பார்த்த பூமியில்

வெளியூரிலிருந்து யாரை எடுப்பது என்பது பாதிக் கேள்விதான். மதுரையைச் சுற்றியுள்ள சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், திண்டுக்கல், தேனி மாவட்டங்களிலிருந்து யார் வருவார்கள்? இந்த மண்ணில் கால்பந்து இல்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லலாம்: சிவசக்தி நாராயணன். சிவகங்கை மாவட்டம் கண்டனூர்க்காரர். 2022 செப்டம்பர் 18 அன்று கொல்கத்தாவில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக பெங்களூரு எஃப்.சி.க்காக முதல் கோல் அடித்தவர். பெங்களூரு கோப்பையை வென்றது. காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அவ்வளவு தூரம் ஒரு பையன் போக முடிந்திருக்கிறது. பெண்ணால் முடியாதா?

முடியும் என்பதைத் தமிழகப் பெண்கள் இரண்டு முறை காட்டிவிட்டார்கள். தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பில் 2018-இல் மணிப்பூரையும், 2023-இல் ஹரியானாவையும் இறுதியில் வீழ்த்தித் தமிழ்நாடு கோப்பை வென்றது. அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள். அரசுப் பள்ளியும் விளையாட்டு விடுதியும் இல்லையென்றால் அவர்களைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது. கடலூரில் பொறுமையாகப் பயிற்சி தந்தவர்கள் இருந்ததால் அந்த மாவட்டத்திலிருந்து இந்துமதியும் சந்தியாவும் வந்தார்கள். மதுரை வட்டாரத்தில் அப்படி ஒரு பண்ணையைக் கிளப்தான் உருவாக்க வேண்டும்.

அதற்குப் பெரும் அகாடமிக் கட்டடம் தேவையில்லை. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. அவற்றில் ஓடுகிற, எறிபந்தும் கபடியும் ஆடுகிற பெண்களின் கால்களைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை கிளப் அனுப்பினால் போதும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் அக்கறையுள்ள பி.டி. மாஸ்டரும் பி.டி. டீச்சரும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது பந்து, பூட்ஸ், மாதம் ஒரு முறை வந்துபோகும் பயிற்சியாளர், ‘உங்க பொண்ணை நாங்க பார்த்துக்கிறோம்’ என்று வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் பேசும் கிளப் அதிகாரி. பதின்மூன்று, பதினான்கு வயதில் பெரும்பாலான பெண்கள் மைதானத்தை விட்டு விலகுவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. மாலை ஆறு மணிக்கு மேல் பஸ் இல்லாதது. உடை பற்றி உறவினர் பேசும் பேச்சு. படிப்பு கெட்டுவிடும் என்ற பயம். இவற்றுக்கு வேனும் விடுதியும் கல்லூரி இடமும் பதில். கல்லூரி நடத்தும் குடும்பத்தின் கையில் இருக்கும் கிளப்புக்கு இந்த மூன்றும் எட்டாத விஷயங்கள் அல்ல. மற்ற எந்த கிளப்புக்கும் இல்லாத சாதகம் இது.

வேலை என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. இந்துமதி தமிழகக் காவல் துறையில் எஸ்.ஐ. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கிராமத்துப் பெற்றோரின் கண்ணில் பெண் பந்து விளையாடுவதற்கான மிகப் பெரிய நியாயம் அதுதான். அதே வேலை லீக் நடக்கும் மாதங்களில் விடுப்பு கிடைக்காமல் அவர்களை மைதானத்திலிருந்து பிரிக்கவும் கூடும். அரசு இங்கே செலவில்லாத ஓர் உதவி செய்யலாம். மகளிர் லீக்கில் ஒப்பந்தமாகும் அரசு ஊழியர்களுக்கு சீசன் முழுவதும் பணிக்காலமாகக் கருதப்படும் விடுப்பு. இப்படி ஓர் ஆணை வந்தால் தமிழக அணி ஒன்றுக்குத் தமிழகத்து மூத்த ஆட்டக்காரர்கள் கிடைப்பது எளிதாகும்.

பணத்துக்கு எங்கே போவது?

இதையெல்லாம் கேட்கும் கிளப் நிர்வாகி ஒருவர், ‘சொல்வது சுலபம், பணம் யார் தருவார்?’ என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023-இல் ஒரு குறைந்தபட்ச விதியை அறிவித்தது. முதல் நிலை மகளிர் லீக் அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்குத் தலா 3.2 லட்சம் ரூபாய் தர வேண்டும். மாதக் கணக்கில் இது 27 ஆயிரத்துக்கும் குறைவு. பத்துப் பேருக்கு 32 லட்சம். இதுவே சில கிளப்புகளுக்குப் பாரம் என்றால், மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்பது பெரிய பேச்சுதான். தொலைக்காட்சி வருமானம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதும் இல்லை. டிக்கெட் வருமானத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் வேறு வழியில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுதோறும் பாதி அணியைப் புதிதாகச் சேர்ப்பதற்கும் செலவு இருக்கிறது. தேடுவது, அழைத்து வருவது, பழக்குவது, பொருந்தாதவரைத் திருப்பி அனுப்புவது. வெளிநாட்டவர் என்றால் விசா, விமானம், முகவர் கட்டணம். புதியவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்குள் இழக்கும் புள்ளிகளும் செலவுதான். ஆறு பேரை வைத்துக்கொள்வதால் மிச்சமாகும் தொகை, அவர்களின் சம்பள உயர்வில் ஒரு பகுதியை ஈடுகட்டும். மீதிக்கு ஊர் கை கொடுக்க வேண்டும்.

அந்த ஊர் மதுரைதான். கோயில் திருவிழாவுக்கும் ஜல்லிக்கட்டுக் காளைக்கும் அள்ளிக் கொடுக்கும் நகரம் இது. நூற்பாலைகளும் மருத்துவமனைகளும் நகைக் கடைகளும் ஜவுளிக் கடைகளும் நிறைந்த நகரம். ஒரு வீராங்கனையின் ஓராண்டுக் குறைந்தபட்சச் சம்பளம், நெரிசலான சாலை ஓரத்துப் பெரிய விளம்பரப் பலகை ஒன்றின் செலவோடு ஒப்பிடக் கூடியதுதான். ஆளுக்கு ஒரு வீராங்கனை என்று பத்து நிறுவனங்கள் பெயர் கொடுத்தால் கணிசமான பாரம் இறங்கிவிடும். மாநகராட்சியும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். மைதானத்தில் சீசனுக்கு நான்கைந்து ஆட்டங்களையாவது மின்னொளியில், இலவச அனுமதியோடு நடத்த உதவலாம். மகளிர் கல்லூரிகளும் பள்ளிகளும் நிறைந்த ஊரில் பார்வையாளர்களுக்கா பஞ்சம்? மதுரையின் பெயரைச் சுமக்கும் அணி ஆடுவதை மதுரையில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, கிளப் மட்டும் பதில் சொல்ல முடியாது.

சென்னை சிட்டி கற்றுத் தந்ததும் இதுதான். அந்த அணியின் வெற்றி உண்மையானது, ஆட்டம் அழகானது. ஆனால் போனவர்களின் இடத்தை நிரப்ப உள்ளேயிருந்து யாரும் வளர்ந்து வரவில்லை. கிளம்பிப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்த ஒப்பந்தமோ, அவர்களை விட்டால் கிடைக்கும் பணமோ போதுமானதாக இல்லை. சேதுவின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. முதல் நிலையில் இடம் இருக்கிறது. ஆளைக் கண்டெடுக்கும் கண் இருக்கிறது. கல்லூரியின் நிழல் இருக்கிறது. சுற்றிலும் ஐந்து மாவட்டத்துப் பள்ளிகள் இருக்கின்றன.

யாரை வாங்க வேண்டும் என்று கேட்டால் என் பட்டியல் சிறியது. பெட்டிக்குள் முடிக்கத் தெரிந்த அண்டை நாட்டு முன்கள வீராங்கனை ஒருவர். ஆட்டத்தை அடக்கி ஆளும் மூத்த நடுக்களக்காரர் ஒருவர். பயிற்சியாளருக்கு இரண்டு சீசன். ஒவ்வோர் ஆண்டும் சுற்று மாவட்டங்களிலிருந்து மூன்று பள்ளி மாணவிகள். இவ்வளவையும் முடிவு செய்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சீசன் முடிந்து வீராங்கனைகள் ஊருக்கு ரயில் ஏறும் முன்பே, அணியின் முதுகெலும்பு யாரோ அவர்களை உட்காரவைத்துப் பேசி, மூன்று ஆண்டுக்குக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். டிரான்ஸ்ஃபர் காலம் திறந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கினால், கொல்கத்தாவும் கோழிக்கோடும் முந்திக்கொள்ளும்.